காலியாக விட்ட கட்டம்

இலவசமாகக் கிடைப்பவற்றில் எது நல்லது என்று தேர்ந்தெடுப்பது கஷ்டம். காசு கொடுத்து வாங்குவதென்றால் விலையைப் பார்த்தாவது ஒரு முடிவுக்கு வரலாம்.

2004-இல் அவனியாபுரத்தில் ஆறு வேன் பட்டறைகள் சேர்ந்து, தங்களிடமிருந்த உதிரிபாகங்களை ஒரே பட்டியலில் வைக்க விரும்பின. கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த என்னிடம் அந்த வேலை வந்தது. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ்கள் இரண்டை இறக்கிப் பார்த்தேன். ஒன்று கறார்ப் பேர்வழி. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பதிவை வாங்காது. இன்னொன்று வேகமானது, காலிக் கட்டத்தில், நாம் கொடுத்திருக்கும் சொற்களில் முதலாவதைத் தானே நிரப்பிக்கொள்ளும். 'நிலை' என்ற கட்டத்துக்கு நான் கொடுத்த முதல் சொல் 'நல்லது'.

என்னிடம் வேலை பார்த்த வித்யாஸ்ரீ தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணே, பட்டறைல நல்ல சாமானுக்கு மட்டுந்தான் சாக்பீஸ்ல குறி போடுவாங்க. வெறுமன விட்டா கழிச்சதுன்னு அர்த்தம். இது அதை நல்லதுன்னு ஆக்கிரும்ணே."

அவள் சொன்னது சரி. ஆனால் வேகமானதைத்தான் போடப்போகிறேன் என்று முதலாளிகளிடம் பெருமையடித்து முடித்திருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. உன் வேலையைப் பார் என்றேன்.

மூன்றாம் வாரம் பட்டியலில் ஒரு பிரேக் டிரம் கண்ணில் பட்டது. காசிமாயன் பட்டறையின் ஸ்டோர் கீப்பர் நல்லகாமன், பழைய இரும்புக்குப் போகவேண்டிய அதைப் பதிந்து, வழக்கப்படி நிலையை வெறுமனே விட்டிருந்தார். திரையில் 'நல்லது' என்று இருந்தது. அந்த டிரம்மை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உள்பக்க விரிசலில் நகம் நுழையும். அன்று மாலைதான் என் ஏற்பாட்டைத் தொடர்வதா என்று முடிவு செய்ய முதலாளிகள் கூடினார்கள். அது முடியட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கூட்டத்தின் நடுவே விருமாண்டி பட்டறை மெக்கானிக் எனக்குப் போன் செய்தான். அந்த டிரம்மை வாங்கி வந்திருக்கிறார்களாம், சாக்பீஸ் குறியைக் காணோமாம், மாட்டலாமா என்று கேட்டான். ஆறு முதலாளிகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர்ல நல்லதுன்னு இருக்குல்ல, மாட்டுங்க" என்றேன்.

மறுநாள் காலை, சோழவந்தானுக்கு வெற்றிலை கிள்ளப் போன பெண்களோடு அந்த டிரம் மாட்டிய வேன் பிரேக் பிடிக்காமல் வாய்க்காலில் கவிழ்ந்தது. ஐந்து பேர் போய்விட்டார்கள்.

போலீஸ் கேட்டதும் பதிவை அச்செடுத்துக் கொடுத்தேன். நல்லகாமன் பெயரும் 'நல்லது' என்ற சொல்லும் அடுத்தடுத்து இருந்தன. அவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் ஒண்ணுமே எழுதலப்பா. வெறுமனதான விட்டேன்."

"தெரியாம எதையாச்சும் அமுக்கியிருப்பீங்கண்ணே. வயசாகுதுல்ல."

பொறுமையாக மூன்று முறை சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு மறுத்துப் பேசவில்லை. கோர்ட்டிலும் ஒப்புக்கொண்டார். இரண்டு வருஷம் போட்டார்கள்.

வெளியே வந்ததிலிருந்து இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய், 'நான்தான் காரணம்' என்று கும்பிட்டுவிட்டு வருகிறார். உண்மையில் காரணம் நான்தான், ஐந்து பேரையும் கொன்றவன் நான். ஆனால் இப்போது அந்த வீடுகளில் அவரை உட்காரச் சொல்லி, காபி கொடுக்கிறார்களாம். இவ்வளவு பாடுபட்டு அவர் பெற்ற மன்னிப்பைப் பறிக்க எனக்கு மனசு வரவில்லை.