தெருராணியின் செங்கோல்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நம் பழைய ஆபீஸில் யாரும் டீ குடிக்கக்கூட எழுந்து போக மாட்டார்கள். உங்களுக்கு நினைவிருக்கும், ஸ்ரீவித்யா. உத்தமன் பட்டியல் வாசிக்கும் நேரம் அது. இப்போது உங்கள் புதுக் கம்பெனியில் எழுதும் வேலைக்கு அவன் விண்ணப்பித்திருக்கிறான். அன்று சொல்லாமல் கொள்ளாமல் போனவனை நம்பலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

மொபைல் விளையாட்டில் வீரன் சேகரிக்கும் வாள், மோதிரம், கம்பளம் எல்லாவற்றுக்கும் இரண்டு வரியில் வேடிக்கையாக விளக்கம் எழுதுவது என் வேலை. சரிபார்ப்பது அவன் வேலை. பட்டியல் அந்த நிமிஷம்தான் அவன் கைக்கு வரவேண்டும், எல்லோர் முன்னாலும் சிரிக்காமல் வாசிக்க வேண்டும், சிரிப்பு வராத வரியை வெட்ட வேண்டும் என்பது நீங்கள் வைத்த விதி. நல்ல விதிதான். ‘ஞானியின் செருப்பு: ஒற்றைக் கால் மட்டும். இன்னொன்று கோயில் வாசலில் தொலைந்தது. பொறுமை ஐந்து கூடும்’ என்று நான் எழுதியதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

2004 ஆகஸ்டில் அவனும் தயங்கித் தயங்கி ஒன்று எழுதிக் கொடுத்தான். ‘பறக்கும் கம்பளம்: மழை வந்தால் ஓடாது. சில்லறை வைத்திருப்பவர்கள் மட்டும் ஏறவும்.’ ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அசிடிட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் சீக்கிரம் வந்துவிட்டேன். எதிர்ச் சாரி மரத்தடியில், தெருக் கூட்டும் அம்மாள் ஒருத்திக்கு அவன் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் காலில் அவனுடைய பழைய கான்வாஸ் ஷூ. என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது.

“தேசிகண்ணா, எங்கம்மாங்க அவங்க. ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க. எழுதுற வேலை கெடைச்சதும் நானே உள்ள கூட்டினு வந்து காட்டுறேன்.”

சொல்ல மாட்டேன் என்றேன். பிறகு கவனித்தேன். நம் ஆட்கள் கூட இருக்கும்போது அவன் யாரோபோல அவளைத் தாண்டிப் போவான். அவளும் தலை நிமிராமல் கூட்டுவாள். இருவருக்குள்ளும் அப்படி ஓர் ஏற்பாடு.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை உங்கள் மேஜையில் ஒரு கடிதத்தைப் பார்த்தேன். திங்கள் முதல் பாதிப் பொருள்களுக்கு உத்தமன் விளக்கம் எழுதுவான் என்றிருந்தது. எனக்கு அவன்மேல் கோபம் எதுவும் இல்லை. இடத்துக்குப் போய் உட்கார்ந்து, மறுநாள் பட்டியலில் ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்த்தேன்.

‘தெருராணியின் செங்கோல்: நுனி தேய்ந்த துடைப்பம். மகனின் பழைய ஷூவோடு சேர்த்தே கிடைக்கும். சிறப்புச் சக்தி: பெற்ற மகன் கண்ணுக்கு மட்டும் தெரியாது.’

ஷூ என்ற இடத்தில் அவன் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு விதிப்படி, சிரிக்காமல், கடைசிச் சொல்வரை வாசித்தான். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். அவன் என்னை மட்டும் பார்த்தான். தாளை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா கையிலிருந்த துடைப்பத்தை வாங்கித் தன் தோளில் சாத்திக்கொண்டான். இருவரும் தங்கள் வீடிருக்கும் மர்பி டவுன் பக்கமாக நடந்தார்கள். அவள் மட்டும் நம் கட்டடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். உள்ளே கூட்டிப் போவதாக அவளிடமும் சொல்லியிருப்பான்போல.

அன்று மதியம் நான் வயிறாரச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. நான் பெயர் போடவில்லை, யாருக்கும் புரியவில்லை, கொடுத்த வாக்கை மீறவில்லை என்று நான்கு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் செங்கோல்தான் நான் எழுதியதிலேயே நன்றாக வந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது, ஸ்ரீவித்யா. அவன் ஓடிப்போகவில்லை. நான்தான் துரத்தினேன், தெரிந்தே.

அவனை எடுங்கள். என்னைவிட நன்றாக எழுதுவான்.

ஒன்றே ஒன்று. இது நம் பழைய ஆபீஸ் ஆட்கள் யார் காதுக்கும் போகவேண்டாம். நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள் என்று நம்பித்தான் எழுதியிருக்கிறேன்.