வைப்பர் கயிறு

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஐயா. கற்றுக்கொடுங்கள் என்று யாரையும் கேட்டதும் இல்லை. அந்தக் காரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வைப்பர் ஒன்றுதான். ஆனால் அதைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் இந்தத் திருவள்ளூர் வட்டாரத்தில் இருக்க மாட்டான்.

கார் என் அக்கா அஞ்சம்மாளின் வீட்டுக்காரர் துளசிராமனுடையது. திருப்பாச்சூரில் அவருக்கு நல்ல நஞ்சை. நெல் நன்றாக விளைந்த ஒரு வருஷம், மெட்ராஸில் யாரோ கழித்துக்கட்டிய வெள்ளைக்காரன் காலத்து வண்டியைப் பிடித்து வந்தார். நான் அக்கா வீட்டோடு இருப்பவன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்காதான். கார் வந்ததும் அதைத் துடைப்பது, பழுது பார்க்க மெக்கானிக்கை அழைத்து வருவது எல்லாம் என் தலையில் விழுந்தது.

அந்த வைப்பர் கரண்டில் ஓடுவதில்லை. என்ஜின் காற்றை உறிஞ்சுகிறதே, அந்த உறிஞ்சலில் ஓடுவது. நடுவில் ஒரு ரப்பர் குழாய். வண்டி நிற்கும்போது பேயாட்டம் ஆடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் படுத்துவிடும். மழையில் எந்த நேரம் கண்ணாடி தெரிய வேண்டுமோ அந்த நேரம் பார்த்து நின்று தொலைக்கும். நானும் பிளேடை மாற்றினேன். ஸ்பிரிங்கை இறுக்கினேன். தண்ணீர் ஒட்டாமல் வழிய, லாரிக்காரர்கள் செய்கிற மாதிரி கண்ணாடியில் பீடித்தூளைத் தேய்த்தும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மாமா ஒரு ரவுண்டு போய் வந்து, "இன்னாடா பண்ண? பழைய குருடி கதவத் தொறடின்ற மாதிரிதான கீது" என்பார். சலித்துப் போயிற்று, ஐயா.

கயிறு கட்டுகிற யோசனை மெக்கானிக் சாலமோனுடையது. அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். இரண்டு வைப்பரையும் கயிற்றால் இணைத்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் கொஞ்சம் இறக்கி, கயிற்றின் முனைகளை உள்ளே எடுத்து முடிச்சுப் போட்டுவிடுவது. இடது சீட்டில் இருப்பவன் இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருந்தால் வைப்பர் ஆடும். இடது சீட்டில் இருப்பவன் நான். மழை பெய்தால் நான் இழுக்க வேண்டும். இறக்கிய கண்ணாடி வழியாகச் சாரல் அடித்து என் தோள் நனையும். மாமா தன் பக்கம் கயிறு நுழையும் அளவுக்குத்தான் இறக்குவார், நனையாமல் ஓட்டுவார். வீட்டுக்கு வந்தால் விரல் மடிப்பெல்லாம் அறுந்து கிடக்கும். அக்கா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள்.

இப்படியே சில மழைக்காலம் போயிற்று. பிறகுதான் கும்மிடிப்பூண்டியில் புதுசாக வந்த கம்பெனிகளில் ஆள் எடுத்தார்கள். அதில் ஒன்றில் என்னோடு படித்த ஜெயராஜ் ஸ்டோர் கீப்பராக இருந்தான். எனக்காகப் பேசி வைத்து, தீபாவளி கழித்து வரச் சொன்னான். எனக்கென்று ஒரு ரூம், எனக்கென்று ஒரு சாப்பாடு. வேறு ஆசை எனக்கு இருந்ததே இல்லை. மாமாவிடம் கேட்டேன். "வைப்பர ரெடி பண்ணிக் குட்த்துட்டு எங்க வேணா போ. நானா புட்ச்சி வெச்சிக்கினு கீறேன்?" என்றார்.

நான் அதை நம்பினேன். டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து, குழாயை முழுசாக உருவிப் பார்த்தேன். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் வெடித்திருந்தது. மெட்ராஸ் போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்து மாட்டினேன். நான் என்ஜினை ஓடவிட்டதும் அக்கா குடத்திலிருந்து கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றினாள். வைப்பர் ஓடியது. ஆக்சிலேட்டரை மிதித்தபோது கொஞ்சம் சோர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. அக்கா கைதட்டிச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே கிடையாது.

மாமா ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "புஸ்ஸு புஸ்ஸுன்னு சவுண்டு வருது. என்ஜின் காத்த இது உறிஞ்சிக்கினா என்ஜின் இன்னாத்துக்கு ஆவும்? நமக்குக் கயிறே போதும்" என்று சொல்லி, குழாயைப் பிடுங்கி வாசலில் எறிந்தார். "இந்த மழ போவட்டும், அப்பால பாக்கலாம்" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு வைப்பர் கெட்டுப்போனதில் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. பக்கத்தில் ஒருத்தன் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே வருவது அவருக்குப் பிடித்திருந்தது.

ஜெயராஜ் எவ்வளவு நாள் காத்திருப்பான்? அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அக்கா மேல் எனக்கு வருத்தம் கிடையாது, ஐயா. குழாய் வாசலில் விழுந்தபோது அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான்.

அன்று திருவாலங்காட்டில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். காலையில் நான் காரைத் துடைத்தேன். இடது பக்கக் கதவின் கைப்பிடி இறுகிக் கிடந்தது, எண்ணெய் விட்டேன். கார் வேலை எல்லாம் என் பொறுப்புதானே. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஊரைத் தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது. இழுக்க ஆரம்பித்தேன். பின் சீட்டில் பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். "கையி நோவுதுன்னா கொஞ்ச நேரம் உட்டுட்றா. அவரு மெதுவா ஓட்டுவாரு" என்றாள். நான் விடவில்லை. நிறைய தூரம் இழுத்துக்கொண்டுதான் போனேன்.

அந்த ஏரிக்கரை ரோடு நீங்கள் பார்த்ததுதான். வலது பக்கம் தண்ணீர். கரை முடிகிற இடத்தில் ரோடு சட்டென்று இடது பக்கம் திரும்பும், நேரே போனால் ஏரிதான். எத்தனையோ தடவை போன வழி, எனக்குத் தெரியாதா. திருப்பத்துக்கு முன்னால், "கதவு சரியா சாத்தல மாமா, சாத்திக்கிறேன்" என்று சொல்லிக் கைப்பிடியைத் திருகினேன். அப்புறம் கயிற்றை விட்டேன். கண்ணாடி முழுக்கத் தண்ணீராக இறங்கியது. "டேய், இழுறா" என்றார் மாமா. நான் குதித்துவிட்டேன். அவர் பிரேக்கை மிதித்தாரா என்று எனக்குத் தெரியாது. கார் நேராகப் போயிற்று.

முட்டியில் அடி. கரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மாமாவுக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. ஆனால் கை இரண்டும் மரத்துப் போயிருந்தது, ஐயா, நீங்களே பாருங்கள், இன்னும் தழும்பு இருக்கிறது.

ஆமாம், நான்தான் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அக்கா சொன்னதையும் சேர்த்து எழுத வேண்டும். கை நோவுது என்றால் விட்டுவிடு என்று அவள்தான் சொன்னாள். அவள் பேச்சை நான் ஒரு நாளும் தட்டியது இல்லை.