துப்பாக்கிச் சீட்டில் இரண்டு பெயர்

இந்தப் பாலைவன அல் ஐனில் தக்காளி விளையும் என்றால் நம் ஊரில் யாரும் நம்புவதில்லை. இன்று நீங்கள் சாப்பிட்ட ரசத்தில் இருந்தது எங்கள் பண்ணைத் தக்காளிதான். எல்லை தாண்டி ரூவியிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்திருக்கிறீர்கள். சாப்பிட்ட கையோடு என்னை பால்கனிக்கு அழைத்து, "வெங்கட்ராமன் சார், ஜெயில்ல இருக்கற ஏதோ ஒரு பையனைப் பத்திக் காதுல விழுந்துதே" என்று நாசூக்காகக் கேட்டீர்கள். சம்பந்தியாகப் போகிறவரிடம் மறைப்பது என் வழக்கமில்லை. முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

பையன் பெயர் ஜெனின். கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை ஊர், கிறிஸ்தவன். நான் மேனேஜராக இருக்கும் பண்ணையில் பம்ப் மெக்கானிக்காக இருந்தான். தங்கமான பையன் என்று என் மனைவி தாமரை சொல்வாள். ஒருநாள் என் முன்னால் நேராக வந்து நின்றான்.

"சார், எனக்கு ஒங்க மக ஹர்ஷினியப் பிடிச்சிருக்கு. அவளுக்கும்தான். ஒங்கள்ட்ட ஒளிச்சு வச்சா சரியில்லலா?"

நான் கோபப்படவில்லை. தோளில் தட்டிக்கொடுத்து, யோசிக்கலாம் என்றேன். கோபப்படுகிற அப்பாக்களின் பெண்கள்தான் ஓடிப்போகிறார்கள். நான் சொன்னபடியே யோசித்தேன்.

எங்கள் பண்ணையில் ஆடுகள் உண்டு. வேலிக்குள் புகுந்து ஆட்டைக் கடிக்கும் நாயையும் நரியையும் சுடுவதற்கு அரபி முதலாளி ஒரு துப்பாக்கி லைசென்ஸ் சீட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் இரண்டே பெயர்கள். ஒன்று நிலத்தின் சொந்தக்காரர், மற்றது அவர் குறிப்பிட்ட ஆள். அந்த ஆள் நான்தான். முட்டைகூடச் சாப்பிடாதவன் பெயரில் துப்பாக்கி என்று தாமரை சிரிப்பாள். வேறு யார் தொட்டாலும் குற்றம். வேலிக்கு வெளியே சுட்டால் வேட்டை, அதற்கு நிச்சயம் ஜெயில். இதெல்லாம் சீட்டின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. அரபியில்.

முதலாளி வெளிநாடு போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாய்க் கூட்டம் ரெண்டு குட்டிகளைக் குதறிவிட்டது. துப்பாக்கியை அலமாரியிலிருந்து எடுத்து ஜெனின் கையில் கொடுத்தேன்.

"லைசென்ஸ் உண்டும்லா சார்?"

"இருக்குப்பா" என்றேன். உண்மைதானே? யார் பேரில் என்று அவன் கேட்கவில்லை.

"வேலி தாண்டி ஓடினாலும் விடாதே" என்றும் சொன்னேன். மாமனாருக்கு வேலை செய்துகாட்டுகிற உற்சாகத்தில் வேலியை ஒரே தாவலில் தாண்டினான். அதற்கப்புறம்தான் போலீசுக்குப் போன் செய்தேன். விதி மீறப்படுவதற்கு முன்பே புகார் செய்வது முறையில்லை.

ஸ்டேஷனில் அரபியும் தமிழும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. இருபது வருஷமாக இங்கே இருக்கிறேன், என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஜெனினுக்கு 'இல்லை', 'முடிந்தது' என்பதற்கான 'மாஃபி', 'கலாஸ்' தாண்டி அரபி வராது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லவேள, நீங்க வந்தீங்க. துப்பாக்கியத் தந்தது நீங்கன்னு அவங்கள்ட்டச் சொல்லுங்க சார், விட்டுருவாங்க."

துப்பாக்கியை அவனே எடுத்ததாகச் சொல்கிறான் என்று அதிகாரியிடம் சொன்னேன். நிதானமாக, இலக்கணப் பிழை இல்லாமல். அவர் எழுதிய காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தி, "இங்க போடுப்பா" என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். கோர்ட்டில் ரெண்டு வருஷம் ஜெயில் என்று தீர்ப்பானது, அப்புறம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்ப விசா கிடையாது.

அவன் அம்மா தங்கபுஷ்பம் இங்கே நர்ஸ். ஸ்டேஷன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளு எம்பிள்ள கூட நின்னீங்களே சார், அது போதும்" என்று அழுதார். ஆட்டோகூடக் கிடைக்காத ஊர் இது. நானே காரில் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

ஸ்டேஷனில் லாக்கப்புக்குக் கொண்டுபோகும்போது ஜெனின் இன்னொன்றும் சொல்லியிருந்தான். "எத்தன வருஷமானாலும் காத்திருக்கச் சொல்லுங்க சார், நான் அவளத்தான் கட்டுவேன்." வீட்டுக்குள் நுழைந்ததுமே ஹர்ஷினி கேட்டாள்.

"அப்பா, ஜெனின் என்ன சொன்னான்? எனக்கு ஏதாவது மெசேஜ்?"

"தேடாதேன்னு சொல்லச் சொன்னான்மா. ஊர்ல வேற பொண்ணு பேசி முடிச்சாச்சாம்."

மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாவது நாள் அவளாகவே வந்து, "நீங்க யாரைச் சொன்னாலும் சரிப்பா" என்றாள். நான் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை, சார். உங்கள் பிள்ளை ஷ்யாமின் ஜாதகம் அதற்கு அடுத்த வாரம்தான் வந்தது.

பிள்ளையை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று உங்கள் வீட்டில் குறைப்பட்டுக்கொண்டார்களாம். அது வெட்கம். என் பெண் வாயைத் திறக்காவிட்டாலும் அவள் என்ன சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.