மேசையிலேயே கண் விழிப்பவர்கள்

மதியம் சாப்பிட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். உங்கள் விசாரணைக் குழுவின் மூத்த மருத்துவர் இப்போது அப்படித்தான் இருக்கிறார். எழுப்ப வேண்டாம் அம்மா, பாவம். தலைவரான நீங்கள் கேட்டால் போதும். முடிவு எழுதப்போவது நீங்கள்தானே.

குற்றச்சாட்டை மறுக்க நான் வரவில்லை. மருத்துவர் பதிவேட்டிலிருந்து என் பெயரை நீக்கி, உரிமத்தை ரத்து செய்ய உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அடுத்த மாதம் என் மனைவிக்கு இடுப்பில் ஓர் ஆபரேஷன் இருக்கிறது. அது முடியும்வரை தள்ளிப்போடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். அவளுக்கு மயக்கம் கொடுக்க வேறு யாரையும் நான் நம்ப மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் முடிந்ததும் வீட்டுக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவது வெட்டித் தைத்தவரை. நாங்கள் தலைமாட்டில், திரைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்போம். எங்கள் முகம் யாருக்கும் நினைவிருக்காது. அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், குடலிறக்கம். முகத்தில் மாஸ்க்கை வைக்கப் போகும்போது, "எந்திரிச்சதும் ஒரு டீ கிடைக்குமா டாக்டர்?" என்றார். "ரெண்டாவே தரச் சொல்றேன்" என்றேன். பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைத்தான் கொடுத்தேன். ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. என்ன செய்தும் ஏறவில்லை. வெளியே அவர் மகன் பிளாஸ்க்கும் கையுமாக நின்றுகொண்டிருந்தான்.

விசாரித்து, என் மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். பெரியவர் விடவில்லை. சிரிஞ்சில் மருந்தை ஏற்றும்போதெல்லாம் என் தோளுக்குப் பின்னால் அதே குரல், அதே மரியாதையோடு டீ கேட்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அங்கே நிற்பார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பயமாக இருக்கிறது அம்மா, இத்தனை வருடம் கழித்தும்.

நீங்கள் சட்டம் படித்தவர், அதனால் விளக்கிவிடுகிறேன். ஒரு பெரிய ஆபரேஷனுக்கு முக்கியமாக மூன்று மருந்து. ஒன்று தூங்க வைக்கும், ஒன்று வலியை அடக்கும், ஒன்று தசைகளைத் தளர்த்திவிடும். மூன்றாவதைக் கொடுத்தபின் மனிதரால் விரலைக்கூட அசைக்க முடியாது. மூச்சையே மெஷின்தான் விடும். முதல் இரண்டும்தான் ரத்த அழுத்தத்தை இறக்குகிறவை. அந்தப் பெரியவரைக் கொண்டுபோனது அவைதான் என்று நான் முடிவுக்கு வந்தேன். ஆழமாகப் போகிறவர்கள்தானே திரும்பி வருவதில்லை. அதனால் அவை இரண்டையும் குறைத்தேன். முதலில் கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம். மூன்றாவதைக் குறைக்கவில்லை. குறைத்தால் நோயாளி அசைவார், சர்ஜன் கோபித்துக்கொள்வார்.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. மற்றவர்களின் நோயாளிகள் வார்டுக்குப் போயும் உளறிக்கொண்டிருப்பார்கள். என்னுடையவர்கள் சொடக்குப் போட்டதும் மேசையிலேயே கண் விழித்துவிடுவார்கள். சர்ஜன்கள் என்னைத்தான் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஊரில் எனக்கு 'சொடக்கு டாக்டர்' என்று பெயரே விழுந்துவிட்டது. ஒருவரும் சாகவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் நடக்கும்போது சிலருக்கு நாடி எகிறும், சிலருக்குக் கண்ணீர் வரும். பஞ்சால் ஒற்றிவிட்டு, இமை மேல் ஒட்டிய பிளாஸ்திரியை மாற்றிவிடுவேன். நாடிக்கு வேறு மருந்து இருக்கிறது. முன்கூட்டியே ஓர் ஊசியும் போட்டுவிடுவேன். அது பயத்தைத் தணிக்கும், நடந்ததை மனதில் தங்கவும் விடாது. எனக்கும் மனசு இருக்கிறது. குனிந்து அவர்கள் காதோரம் ஏதாவது பேசுவேன். தலைமை நர்ஸ் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்துப்போவாள்: "நம்ம டாக்டர் மாதிரி யாரு இருக்கா? மயங்கிக் கிடக்கறவங்ககிட்டகூட எவ்வளவு அன்பா பேசறாரு!"

புகார் கொடுத்த டீச்சர் விஷயத்தில் ஆபரேஷன் இழுத்துக்கொண்டே போனது. மறக்க வைக்கும் ஊசியின் வேகம் பாதியிலேயே தணிந்துவிட்டது. நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் பேசியதைக் கேட்டேன். பாடம் ஒப்பிப்பது மாதிரி, குரலை உயர்த்தாமல் சொன்னார். சர்ஜன் தன் வீட்டு மாடி ஒழுகுவதைப் பற்றிப் புலம்பியது, கொத்தனாரைத் திட்டியது, கத்தரிக்கோல் ஒன்று கீழே விழுந்தது, எல்லாம் வரிசையாக வந்தன. அந்த நேரத்தில் தன் வயிறு எப்படி இருந்தது என்று அவர் சொன்னபோது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். கடைசியாக நான் காதில் சொன்னதையும் சொன்னார்: "அழாதீங்க டீச்சர், முடியப் போகுது."

அப்போது நீங்கள் கேட்டீர்கள், "தூங்கறவங்ககிட்ட எதுக்கு 'அழாதீங்க'ன்னு சொன்னீங்க டாக்டர்?" என்று. வாய்ப்பழக்கம் என்று மழுப்பினேன். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். உங்களிடம் மழுப்பியது சரியில்லை. தெரியும் அம்மா. அவர்கள் விழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

கொடூரம் என்கிறீர்கள். கொடூரமென்றால் என் சொந்த மனைவிக்குச் செய்திருப்பேனா? போன வருடம் அவளுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். கூட வேலை பார்க்கும் டாக்டர், "வீட்டுக்காரங்களுக்கு நாமே கொடுக்கறது நல்லதில்ல சார், நான் பாத்துக்கறேன்" என்றான். விடவில்லை. பின்னால் பெரியவர் டீ கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்குத்தான் எல்லோரையும்விடக் குறைவாகக் கொடுத்தேன். இழக்க முடியாத ஒருத்திக்கு வேறெப்படிக் கொடுப்பது? பிளாஸ்திரி நனைந்து கழன்று வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து முடிவுவரை காதில் பேசிக்கொண்டே இருந்தேன். கல்யாணமான புதிதில் குடியிருந்த வீட்டைப் பற்றி, மகளின் குறும்புகளைப் பற்றி. முடிந்ததும் பளிச்சென்று கண்ணைத் திறந்தாள். நர்ஸ் கேட்டதற்கு, "ஒண்ணுமே தெரியல, நல்லா தூங்கிட்டேன்" என்றாள். மனதில் ஒன்றும் தங்கவில்லை.

வீட்டில் பழையபடிதான் இருக்கிறாள். சிரிக்கிறாள், டிவி பார்க்கிறாள், என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக் குறை சொல்கிறாள். ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் படுத்து நான் மெதுவாக ஏதாவது சொன்னால், விறைத்துப்போய்விடுகிறாள். கண் திறந்திருக்கும், இமைக்காது. கண்ணீர் வழிந்து தலையணை நனைந்தாலும் துடைக்கக் கை எழுவதில்லை. விடிந்ததும் கேட்டால், "ஏன்னு எனக்கே தெரியலங்க" என்கிறாள். மகள் வந்து ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா காதுகிட்ட போய்ப் பேசாதீங்க, ப்ளீஸ்" என்று அழுதாள். பிள்ளைகளுக்கு என்ன புரியும்? அவளை இங்கேயே பிடித்துவைத்திருப்பது என் குரல்தான்.

இடுப்பு ஆபரேஷன் பித்தப்பை போல இல்லை. எலும்பை அறுக்க வேண்டும், நேரம் பிடிக்கும். வேறொருவர் கையில் விட்டால் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடுவார். நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் நடந்துகொண்டேன் என்பதும் குற்றச்சாட்டில் இருக்கிறது. அதனால் இந்த முறை முறைப்படி அவளிடமே கேட்டுவிட்டேன். நேற்றிரவு பக்கத்தில் படுத்து, காதோரம், "இந்தத் தடவையும் நானே கூட இருக்கேன், சரியா?" என்றேன்.

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை அம்மா. ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.