ஒரு ‘ங்க’வுக்காகப் போன வேலை

எண்பதுகளின் தொடக்கம். ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கும் பஸ்ஸில், புளி மூட்டைமேல் காலை நீட்டியபடி எனக்கு முன்னால் இரண்டு மலைக்காரர்கள்.

“மாமா, உனக்குத் தெரியுமா? புது வாத்தியாரு ஒரு ‘ங்க’வுக்காவ வேலைய வுட்டுட்டான்.”

“இன்னாடா சொல்ற? திங்கக்கெழமதான மாலை போட்டோம்? அது இன்னும் வாடவே இல்லியே!”

“புள்ளைங்க அவன ‘நீ வா, நீ குந்து’ன்னு கூப்புட்டுச்சாம். மருவாதி தெரியலியாம்.”

“நம்ம ஊர்ல வேற எப்பிடிக் கூப்புடறது? சாமியையே ‘நீ வா’ன்னுதான் கூப்புடறோம். அது இன்னா, மலைய வுட்டு ஓடியா போச்சி?”

“‘வாங்க, குந்துங்க’ன்னு சொல்லணுமாம். மூணு நாளா அத்த மட்டும்தான் சொல்லிக்குடுத்தான். அ, ஆ கூட ஆரம்பிக்கல.”

“ரெண்டு வருசம் கழிச்சி இப்பதான் ஒத்த வாத்தியாரு வந்தான். மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டா?”

“பூட்டுதான்.”

“மூணு நாள் பாடமாவது புள்ளைங்களுக்கு ஏறிச்சா?”

“நல்லாவே ஏறிச்சி மாமா. நேத்து அவன் பெட்டியத் தூக்கிக்கினு கெளம்பும்போது, எல்லாம் வரிசையா நின்னு, ‘போங்க சார், போங்க’ன்னுச்சிங்க.”