கேபிளை மாற்றாத அக்கா

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்தும் எழுத்துப் பிழையும் கண்ணை உறுத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்சார ரயிலில், அம்பத்தூரில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கு அறுபது இருக்கும். சின்னவள் அவரை டிவிக்கு கேபிளை விட்டு டிஷ் மாட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கேபிள் வாரத்துக்கு ரெண்டு வாட்டி புட்டுக்குதுன்னு நீதானக்கா பொலம்பிகினு கீற. டிஷ்ஷுன்னா மழைக்குதான் நிக்கும்.”

“கேபிளு நல்லாதான் கீது. நான்தான் பாக்ஸு பின்னாடி ஒயரைப் புடுங்கி உட்டுட்டு போன் போடுவேன்.”

“லூசாக்கா நீ? இன்னாத்துக்கு?”

“ஊட்ல நான் ஒருத்தி. கேபிள்காரரு வந்தா, சாப்ட்டியாமான்னு கேப்பாரு. டிஷ்ஷுக்கு போன் போட்டா, ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு மிஷின்தான் பேசுது.”

“அவருக்குத் தெரிஞ்சா?”

“தெரியும்டி. போன வாரம் ஒயரைச் சொருகிட்டு, ‘இனிமே புடுங்காதமா, சும்மா கூப்புடு, வரேன்’னாரு.”

“அப்புறம் இன்னா? கூப்புடு.”

“சும்மா எப்டிடி கூப்புடறது?”

சின்னவள் அண்ணனூரில் இறங்கிவிட்டாள். பட்டாபிராம் வரை அந்த அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சாப்பிட்டீங்களாம்மா என்று சும்மா கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

நடந்தது ஆடியில். எழுதி முடித்தது இன்று, ஐப்பசி கடைசி ஞாயிறு.