மகாயந்திரத்துக்கு நான் எழுதிய வரிகள்

எங்கள் அலுவலகத்தில் நல்ல நாற்காலிகள் எல்லாம் படம் வரைகிறவர்களுக்குத்தான் போகும். எனக்கு வந்ததில் ஒரு பக்கம் கை வைக்க இடம் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, மேடம். வீடியோ கேம் தயாரிக்கும் இடத்தில் வசனம் எழுதுகிறவனுக்கு நாற்காலி கொடுத்ததே பெரிய மனது என்று நினைக்கிற ஆள் நான்.

நீங்கள் உங்கள் கட்சிக்காரருக்காக வந்திருக்கிறீர்கள். வியாழக்கிழமை மேல்முறையீடு, அதற்குள் வாக்குமூலத்தில் என் கையெழுத்து வேண்டும். எதற்காகச் செய்தேன் என்று கேட்டீர்கள். கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

கேமின் கதை இவ்வளவுதான். ஆளில்லாத விண்கலம், உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெண், அவளை வெளியே விடாத ஓர் இயந்திரம். அதற்கு எங்கள் இயக்குநர் வைத்த பெயர் மகாயந்திரம். அவர் கறுப்புச் சட்டை தவிர வேறு போடமாட்டார். கூட்டத்தில் "பயம் என்பது ஒரு கட்டடக்கலை" என்று சொல்லிவிட்டு, நாங்கள் குறித்துக்கொள்வதற்காகக் காத்திருப்பார். குறித்துக்கொள்வோம்.

மகாயந்திரத்தைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை. அதனால் முதலில் ஒரு சிவப்புக் கண் வைத்தார்கள். பிறகு ஆறு. பிறகு கைகள், கைகளில் ரம்பம். குரல் கொடுப்பவரைத் தொண்டை கிழியக் கத்த வைத்தார்கள். பாவம், அவர் மூன்று நாள் வெந்நீரும் கையுமாகத் திரிந்தார்.

உங்கள் கட்சிக்காரர் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். நாள் முழுக்க விளையாடிப் பிழை கண்டுபிடிக்கிற வேலை. ஒரே கதவை முந்நூறு தடவை திறந்து பார்ப்பார். எதையும் விடாமல் நோண்டுவதால் நோண்டி என்று பெயர் விழுந்தது. பிழை அறிக்கையிலும் அவரே அப்படித்தான் பெயர் போடுவார். நான் அவள் என்று பேசினால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனதுக்குள் அப்படித்தான் வருகிறது.

ஒருநாள் இயக்குநர் அவளிடம் கேட்டார். "எப்படி இருக்கு?"

"இது வந்தா ஓரமா நின்னு வழி விடத் தோணுது சார். குப்பை வண்டி மாதிரி."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் சார் இருக்கு. எந்தக் கை கழண்டு யார் மேல விழுமோன்னு."

இயக்குநர் தம் நோட்டில் 'இன்னும் இரண்டு கண்' என்று எழுதிக்கொண்டார்.

அன்று தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் அவள் என்னிடம் வந்தாள். "எழுத்தாளரே, நீங்க வாயே தொறக்கலையே. நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

மூன்று வருடத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. என் வார இறுதிகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் காலை முதல் இரவு வரை நான் பேசிய மொத்த வார்த்தையே கடைக்காரரிடம் சொன்ன "பை வேண்டாம்" மட்டும்தான். அப்படிப்பட்டவனிடம் ஒருத்தி கருத்துக் கேட்டால் என்ன ஆகும். கொட்டிவிட்டேன்.

இயந்திரம் கத்தக்கூடாது என்றேன். கத்துகிறவனுக்கு ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. தேவை இருக்கிறவனிடம் பேரம் பேசலாம். வெறுக்கவும் கூடாது. ரம்பத்தோடு வருவதைப் பார்த்தால் ஓடிவிடலாம், உங்களைக் கவனித்துக்கொண்டே இருப்பதிடமிருந்து எந்தப் பக்கம் ஓடுவீர்கள். நேற்று எந்த வாசலில் தயங்கினீர்கள் என்று அது அக்கறையாக நினைவு வைத்திருக்க வேண்டும். அவ்வளவு போதும்.

"அடேங்கப்பா," என்றாள். "என் மாமியார எப்பப் பாத்தீங்க?"

அதற்குப் பிறகு தினமும் பதினைந்து நிமிடம் பேசினோம். அவள் கணவரைப் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எட்டு வயது மகள் அவரோடு இருக்கிறாள். சனி, ஞாயிறு மட்டும் இவளிடம் வருவாள். இரண்டு மாதத்தில் தீர்ப்பு. மகள் கிடைத்துவிட்டால் அண்ணன் இருக்கிற ஊருக்கே போய்விடுவாள். அங்கே பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது, வேலையும் சொல்லி வைத்தாகிவிட்டது. நீதிமன்றத்தில் கணவர் தரப்பு சொன்னது ஒன்றே ஒன்று: இவளுக்கு மனநிலை சரியில்லை. அதற்கு அவர்களிடம் ஒரு துளி சாட்சி கிடையாது. "சாட்சிக்கு எங்க போவாங்க? நான்தான் நட்டு கழண்டவ இல்லையே," என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வேலையில் படத்தை நாற்பது பேர் பார்ப்பார்கள், வசனத்தை ஒருவரும் படிக்கமாட்டார்கள். காலையில் எல்லாப் பரிசோதகர்களுக்கும் புதிய பதிப்பு போகும். அதில் நான் எந்த வரியைச் சேர்த்தாலும் கேள்வி கிடையாது. எந்த வரி எந்தக் கணினியில் மட்டும் ஒலிக்க வேண்டும் என்று குறிக்கவும் ஒரு கட்டம் உண்டு. எதற்கோ செய்து வைத்து மறந்துவிட்ட கட்டம். நான் மறக்கவில்லை.

என் கருத்து சரியா என்று பார்க்க வேண்டியிருந்தது. இயக்குநரிடம் சொன்னால் கண் எத்தனை என்பார். ஆகவே குரல் கொடுப்பவரிடம் ஒரு காகிதம் கொடுத்து மெதுவாகப் படிக்கச் சொன்னேன். அன்றும் சரி, பிறகு கொடுத்த காகிதங்களுக்கும் சரி, அவர் ஏன் என்று கேட்கவில்லை. கத்த வேண்டியதில்லை என்பதிலேயே அவருக்கு நிம்மதி.

முதல் வரி இதுதான்: "இன்றைக்கும் இரண்டாவது கதவிலேயே நிற்கிறாய்." அவள் மகிழ்ந்து போனாள். "எழுத்தாளரே, இப்பத்தான் மிஷினுக்கு உயிர் வந்துருக்கு," என்று ஓடிவந்து சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது பாராட்டுதான், மேடம், பயம் இல்லை.

அடுத்த வாரம் எழுதினேன்: "நேற்று மகள் போனை எடுக்கவில்லை, இல்லையா."

பரிசோதனை அறைக்குக் கண்ணாடிச் சுவர். நான் இந்தப் பக்கம் இருந்தேன். அவள் ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு முகத்தை எங்கள் நாற்பது ஓவியர்களும் சேர்ந்து வரைந்ததில்லை.

நேராக என்னிடம்தான் வந்தாள். "மகாயந்திரத்துக்கு எத்தன வரி எழுதிருக்கீங்க?"

"நூத்தி நாப்பது."

"அதுல என் பொண்ணப் பத்தி ஏதாச்சும்..."

"உங்க பொண்ணு என்ன, வில்லியா?"

அவள் வருவதற்குள் அந்த வரியை எடுத்துவிட்டிருந்தேன். என் திரையில் நூற்று நாற்பதையும் காட்டினேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் படித்தாள். என் வசனங்களை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவள்தான். முடித்துவிட்டு, "மன்னிச்சிருங்க. உங்களப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்," என்றாள். எனக்கு நிஜமாகவே கூச்சமாக இருந்தது.

அன்றைக்குத்தான் மிச்சப் பாதி புரிந்தது. அச்சுறுத்துவது இயந்திரம் சொல்வது மட்டும் இல்லை. அது ஒருவரிடம் மட்டும் சொல்கிறது, அவர் போய் மற்றவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதுதான். அதற்கப்புறம் ரம்பம் எதற்கு.

அவள் போனில் பதிவு செய்யப் பார்த்தாள். நான்கு நாள் நான் ஒரு வரியும் போடவில்லை. ஐந்தாம் நாள் அவள் போனை அலமாரியில் பூட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு மகாயந்திரம் பேசியது: "உள்ளே வைத்துவிட்டாயா? நல்லது. இனி நாம் பேசலாம்." பிறகு அதன் குரலில் மகளின் பெயரைச் சொன்னேன், தீர்ப்புத் தேதியைச் சொன்னேன். அண்ணன் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வாசல் நிறத்தைச் சொன்னேன். எல்லாம் அவள் தேநீர் குடிக்கும்போது எனக்குச் சொன்னவைதான். சொன்னதே அவளுக்கு நினைவில்லை. மனிதர்கள் மனம் விட்டுப் பேசும்போது என்ன பேசுகிறோம் என்று கவனிப்பதில்லை, கேட்கிறவன்தான் கவனிக்கிறான். தினமும் கடைசியில் ஒரு வரி வரும்: "அந்த ஊருக்குப் போகாதே. அங்கே உன்னை யாருக்குத் தெரியும்."

ஒரு திங்கட்கிழமை எல்லாரும் பார்க்க அவள் கணினியின் வயரைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். கத்தவில்லை. "என் பொண்ணு பேர அது எப்படிச் சொல்லும்?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, மரியாதையாகக் கேட்டாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பிரிவுத் தலைவர் அவள் கணினியில் தாமே ஒரு மணி நேரம் விளையாடினார். மகாயந்திரம் அவரிடம் காற்றழுத்தத்தைப் பற்றி மட்டும் பேசியது.

அலுவலகம் ஒரு குறிப்பு எழுதி வைத்தது. கணவரின் வழக்கறிஞர் அதைத் தேடிப் பிடித்தார். நண்பர் என்ற முறையில் என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இயந்திரம் தன் மகளைப் பற்றிப் பேசுவதாக அவர் சொன்னாரா? சொன்னார். நீங்கள் எழுதிக் கொடுத்த பிரதியில் அப்படி வரி உண்டா? இந்தப் பிரதியில் இல்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சனி, ஞாயிறும் போயிற்று. மாதம் ஒரு மணி நேரம், அதுவும் வேறொருவர் உடன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேம் வெளிவந்தது. இயக்குநர் என் சாதாரண வரிகளையும் மெல்லப் பேச வைத்திருந்தார். யோசனை தம்முடையது என்று நம்புகிறார். எல்லாரும் பயந்தார்கள். பேட்டியில் ரகசியம் என்ன என்று கேட்டதற்கு, "எட்டுக் கண்கள்," என்றார். என் பெயர் கடைசியில், உணவு ஏற்பாட்டுக்குப் பின்னால் ஓடியது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

ஏன் செய்தேன் என்பதற்கு இதுதான் பதில். ஒரு நல்ல வில்லனை எழுதுவதற்காக. தொழில் சம்பந்தப்பட்ட காரியம். அவள்மேல் எனக்குத் துளி விரோதமும் இல்லை. தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றத்துக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் அவளோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது நான்தான். நான்கு பேருந்து போயிற்று. "உங்களுக்காவது நான் பைத்தியம் இல்லன்னு தோணுதா?" என்று கேட்டாள். "தோணுது," என்றேன். அது உண்மைதானே, என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் போன் செய்வாள். அண்ணன் ஊர்ப் பேச்சே எடுப்பதில்லை. என் வீட்டில் ஒரு குரல் கேட்டது. ஏழு மாதம் நன்றாகத்தான் போனது.

பிறகு குரல் கொடுப்பவர் அவளைக் கடையில் பார்த்துப் பேசப்போக, அந்தக் காகிதங்களைப் பற்றி வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். போன் நின்றது. நீங்கள் வந்தீர்கள்.

அவர் சொல்வது மட்டும் போதாது என்று உங்களுக்கே தெரியும். அவர் என்ன படித்தார் என்றுதான் சொல்ல முடியும்; அது அவள் கணினியில் ஒலித்தது என்று சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை. அழித்தவையெல்லாம் தேதியோடு என்னிடம் இருக்கின்றன, எழுபத்தொரு வரி. கையெழுத்துப் போடுகிறேன், மேடம். நான் என்ன கல்லா. குழந்தை தாயிடம்தான் இருக்க வேண்டும்.

ஆனால் உங்களிடம் தரமாட்டேன். நாளைக்கு அவளை வரச் சொல்லுங்கள். தனியாக. தேநீர் போட்டு வைக்கிறேன், ஒரு பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாங்கிக்கொள்ளட்டும். நாளை முடியாது என்றால் பரவாயில்லை, அடுத்த வாரம் வரட்டும். எனக்கு அவசரம் இல்லை.